துவர்ப்பு குறைந்த சிவப்பு: பொஜொலே ஒயினின் சுவையும் அதன் சாப்பாட்டு மேசையும்

நாவற்பழத்தைக் கை நிறைய அள்ளித் தின்றவர்களுக்குத் துவர்ப்பு என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. நாக்கு தடித்துப்போகும், கன்னத்தின் உட்புறம் பல்லோடு ஒட்டிக்கொள்ளும். பாக்கும் வாழைப்பூவும் மாதுளைத் தோலும் செய்வது இதைத்தான். அறுசுவையில் இதற்கு நாம் ஓர் இடம் கொடுத்திருக்கிறோம். இன்றைய சுவை அறிவியலோ இதைத் தனிச் சுவையாகக் கொள்ளாமல், பெரும்பாலும் வாயில் உண்டாகும் தொடு உணர்வு என்றே வகைப்படுத்துகிறது. டானின் என்னும் பொருள்கள் உமிழ்நீரின் புரதங்களைப் பற்றிக்கொள்வதால் வழவழப்புப் போய் வாய் இறுகுகிறது என்பது அதன் விளக்கம். சிவப்பு ஒயினின் நிறமும் துவர்ப்பும் திராட்சைத் தோலிலிருந்து வருகின்றன. துவர்ப்பில் ஒரு பங்கு விதையிலிருந்தும் காம்பிலிருந்தும் இறங்குகிறது. ஆகவே சிவப்பு ஒயினைப் பற்றி எழுத உட்காரும் தமிழனுக்கு மொழியே பாதி வேலையை முடித்துத் தந்திருக்கிறது.

பிரான்சின் பெயர்பெற்ற சிவப்பு ஒயின்களில் பல துவர்ப்பை நம்பி நிற்பவை. போர்தோ ஒயின்கள் இளமையில் வாயைப் பிடித்து இழுக்கும். தென்மேற்கில் தனா என்ற திராட்சையில் செய்யும் மதிரான் இன்னும் கடுமையானது. பத்து, இருபது ஆண்டுகள் பாதாள அறையில் கிடந்து அந்தத் துவர்ப்பு கனியும்போதுதான் அவற்றின் மதிப்பு ஏறுகிறது. இந்தக் கணக்கில் பார்ப்பவர்கள் ஓர் ஒயினை மட்டும் நெடுங்காலமாகக் கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள். லியோன் நகருக்கு வடக்கே, மக்கோனுக்குத் தெற்கே, சோன் ஆற்றின் மேற்குக் கரைக் குன்றுகளில் விளையும் பொஜொலே அது. கமே என்ற ஒரே திராட்சைதான் அங்கே சிவப்பு ஒயினின் அடிப்படை. நிறம் மெலிவு, துவர்ப்பு குறைவு, புளிப்பு தூக்கல். இந்த மூன்றும் குறைகளா, குணங்களா என்ற வழக்கு அறுநூறு ஆண்டுகளாக நடக்கிறது. திராட்சையின் பிறவியே இப்படி என்பது ஒரு கட்சி. தொட்டியில் செய்யும் வேலை என்பது இன்னொரு கட்சி. மண்ணைச் சொல்பவர்களும் உண்டு. மூவரிடமும் உண்மை இருக்கிறது. ஆனால் மூவருமே சாப்பாட்டு மேசையைத் தள்ளிவைத்துவிட்டுப் பேசியதுதான் இந்த விவாதத்தின் பெரிய குறை என்று நான் கருதுகிறேன்.

வழக்கின் முதல் ஆவணம் 1395 ஜூலை 31 அன்று பர்கண்டிக் கோமகன் துணிவுமிக்க பிலிப் இட்ட ஆணை. கமே கெட்ட செடி, விசுவாசமற்ற செடி, அதைத் தோண்டி எறியுங்கள் என்பது அதன் சாரம். கோமகனுக்குப் பினோ நுவார் மேல் பற்று. பர்கண்டியின் பெயர் அந்தத் திராட்சையால் எழுந்தது. உழவர்களின் நியாயம் வேறு. கொள்ளைநோய் ஊர்களைக் காலி செய்துவிட்டுப் போன நூற்றாண்டு அது. ஆள் பற்றாக்குறையில் தவித்தவர்களுக்கு, பினோவைவிட முன்னதாகப் பழுத்து, அதைவிடக் கூடுதலாகக் காய்க்கும் கமே கைகொடுத்தது. ஆணையால் செடி அழிந்துவிடவில்லை. ஆனால் பர்கண்டியின் சிறந்த சரிவுகளில் அதற்கு இடம் இல்லாமல் போனது. தெற்கே பொஜொலேக் குன்றுகள்தான் அதன் நிலையான வீடாயின.

1999இல் வெளிவந்த மரபணு ஆய்வு இந்தப் பழைய வழக்கில் ஒரு புதிய சாட்சியைக் கொண்டுவந்தது. கமேயின் பெற்றோர் பினோவும், குவே பிளாங் என்ற நாட்டுப்புற வெள்ளைத் திராட்சையும். அதே இணைக்குப் பிறந்த இன்னொரு பிள்ளை ஷார்தொனே. கோமகன் துரத்தச் சொன்னது, அவர் போற்றிய பினோவின் சொந்த வாரிசை. உலகம் கொண்டாடும் வெள்ளை ஒயின் திராட்சையின் உடன்பிறப்பை. ஆகவே பிறவியிலேயே தாழ்ந்தது என்ற வாதம் நிற்காது. கோமகன் சொன்னதில் ஒரு பகுதியை மட்டும் ஒப்புக்கொள்ளலாம்: வளமான மண்ணில் விட்டால் கமே அளவின்றிக் காய்த்துத் தள்ளும், பழத்தில் சாரம் இராது.

மண் அங்கேதான் வருகிறது. பொஜொலேயின் வடபாதி பெரும்பாலும் கருங்கல் நிலம். இளஞ்சிவப்புக் கிரானைட் உதிர்ந்து மணலாகிக் கிடக்கும்; கையில் அள்ளினால் பருமணல் போல நறநறக்கும். தண்ணீர் நிற்காது, சத்தும் குறைவு. தறிகெட்டுக் காய்க்கும் கமேக்கு இந்த ஏழை மண்தான் கடிவாளம். தென்பாதியில் களிமண்ணும் சுண்ணாம்புக் கல்லும். அங்கே வீடுகளே மஞ்சள் கல்லால் கட்டியவை. ‘பொற்கல் நாடு’ என்று அந்த வட்டாரத்துக்குப் பெயர். எளிய பொஜொலே பெரும்பாலும் தெற்கிலிருந்து வருகிறது. வடக்கில் 38 ஊர்களுக்குப் பொஜொலே-வில்லாஜ் என்று போட்டுக்கொள்ளும் உரிமை உண்டு. அவற்றுக்கும் மேலே க்ரு என்ற தகுதி பெற்ற பத்து இடங்கள்: சாந்தமூர், ஜூலியெனா, ஷெனா, மூலான்-ஆ-வான், ஃப்ளூரி, ஷிரூப்ல், மொர்கோன், ரெஞ்யே, புரூயி, கோத் த புரூயி. இந்தப் பத்தும் சீசாவில் பொஜொலே என்ற பெயரையே பெரும்பாலும் போடுவதில்லை. கடையில் மொர்கோன் சீசாவைக் கையில் வைத்துக்கொண்டே பொஜொலே எங்கே என்று கேட்பவர்கள் உண்டு.

மொர்கோனில் கோத் து பி என்ற குன்று இருக்கிறது. அதன் சிதைந்த பாறையை உள்ளூரில் ‘அழுகிய பாறை’ என்பார்கள். அங்கே விளைந்த ஒயினில் பழுத்த செர்ரியும் செர்ரிக் கொட்டையின் வாசமும் சேர்ந்து வரும். சில ஆண்டுகள் வைத்தால் ஈரமண் வாடை ஏறும். இந்த மாற்றத்துக்கென்றே ‘மொர்கோனாகிவிட்டது’ என்ற பொருளில் ஒரு வினைச்சொல்லை வைத்திருக்கிறார்கள். மூலான்-ஆ-வான், ரொமனேஷ்-தொரான் ஊரில் நிற்கும் பழைய காற்றாலையின் பெயரை எடுத்துக்கொண்டது. அதன் மண்ணில் மாங்கனீசு இருக்கிறது. அது கொடியின் வேகத்தை அடக்கிச் சாற்றைச் செறிவாக்குவதாகச் சொல்கிறார்கள். பத்தில் உடற்கட்டு மிகுந்தது அதுதான். பத்து ஆண்டு கடந்த மூலான்-ஆ-வான் தன் தந்தையான பினோவைப் போல மணக்கத் தொடங்கும். அதற்கும் ‘பினோவாகிவிட்டது’ என்று தனி வினைச்சொல் உண்டு. ஃப்ளூரியில் வயலட், ரோஜா வாசம். உயரமான ஷிரூப்லில் ஒயின் எல்லாவற்றிலும் மெலிது. கோத் த புரூயியின் நீலக்கல் சரிவுகளிலிருந்து வருவதில் மிளகின் சாயல்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையும் தேவை. கல்லின் சுவை வேர் வழியாக ஏறிக் கோப்பைக்கு வருகிறது என்று விற்பனையாளர்கள் பேசுவதை அலெக்ஸ் மால்ட்மன் போன்ற புவியியலாளர்கள் மறுக்கிறார்கள். பாறைக்குச் சுவையே கிடையாது. வேர் உறிஞ்சும் தாதுக்களின் அளவும் நாக்குக்குத் தட்டுப்படாத அற்பம். அவர்கள் சொல்வது சரியென்றே படுகிறது. மண்ணின் பங்கு வேறு வழியில் வருகிறது: எவ்வளவு தண்ணீர், எவ்வளவு சூடு, எத்தனை குலை, எந்த வாரம் பழுக்கிறது என்பதை அது தீர்மானிக்கிறது.

மூன்றாவது கட்சி தொட்டி. பொஜொலேயின் முகத்தை உலகுக்குக் காட்டியதும் மறைத்ததும் இதுதான்.

வழக்கமாகச் சிவப்பு ஒயினுக்குப் பழத்தைக் காம்பு நீக்கி நசுக்குவார்கள். பொஜொலேயில் குலையை நசுக்காமல் முழுதாகத் தொட்டியில் கொட்டுகிறார்கள். அதனால்தான் அங்கே அறுவடை வெகுகாலம் கைவேலையாகவே இருந்தது. அடியில் கிடக்கும் பழங்கள் மேல்பாரத்தில் நசுங்கிச் சாறு விட, ஈஸ்ட் வேலையைத் தொடங்கும். அதிலிருந்து எழும் கரியமில வாயு தொட்டியை நிறைத்துக் காற்றை வெளியே தள்ளும். மூச்சுக்குக் காற்றில்லாத முழுப்பழங்களுக்குள் விந்தையான மாற்றம் நடக்கிறது: ஈஸ்ட் உள்ளே புகாமலே, பழத்தின் சொந்த என்சைம்கள் சர்க்கரையில் ஒரு பகுதியைச் சாராயமாக்கும். இரண்டு சதவீத அளவு வந்ததும் பழத்தின் உயிரணுக்கள் தளர்ந்துவிடும். அதற்குள் மாலிக் அமிலத்தின் கணிசமான பங்கு கரைந்து புளிப்பு மென்மையாகும். ஸ்ட்ராபெரியும் ராஸ்பெரியும் நினைவுக்கு வரும் மணப்பொருள்கள் உண்டாகும். தோலிலிருந்து நிறம் சீக்கிரம் இறங்கும்; விதை நசுங்காததால் அதன் கடுந்துவர்ப்பு உள்ளேயே தங்கும். காற்றில்லாத வாயுவில் வைத்த பழம் ஒயின் போலச் சுவைக்கிறது என்று 1872இலேயே பாஸ்தர் குறித்திருக்கிறார். 1930களில் மிஷெல் ஃப்ளான்சி அதை ஒரு முறையாக வகுத்தார். பொஜொலே உழவர்கள் இந்தப் பெயர்கள் எதையும் கேட்பதற்கு முன்பே இதன் ஒரு வடிவத்தைச் செய்துகொண்டிருந்தார்கள்.

இந்த முறைக்கு ஒரு விளைவு உண்டு: ஒயின் வெகு சீக்கிரம் குடிக்கத் தயாராகிவிடும். முன்பெல்லாம் இலையுதிர் காலத்தில், நுரை அடங்காத புது ஒயின் பீப்பாய்களில் லியோன் உணவகங்களுக்குப் போகும். 1951 நவம்பர் 13 அன்று வந்த அரசு அறிவிப்பு, டிசம்பர் நடுவுக்கு முன்பே புது ஒயினை விற்க வழிவிட்டது. அதுதான் பொஜொலே நுவோ. 1985 முதல் நவம்பர் மூன்றாம் வியாழன் என்று நாள் உறுதியானது. ஜார்ஜ் துபெஃப் என்ற வணிகர் அந்த நாளை உலகத் திருவிழாவாக்கினார். ஜப்பான் வரை விமானத்தில் சீசாக்கள் பறந்தன. ஒரு கட்டத்தில் வட்டார விளைச்சலில் பாதியளவு நுவோவாகவே போனது. அந்த வேகத்தில் ஆலைத் தொழில் உள்ளே வந்தது. மகசூல் ஏறியது, சர்க்கரை சேர்த்தார்கள், ஆய்வகத்தில் தேர்ந்த ஈஸ்ட்களைப் போட்டார்கள். பல சீசாக்களில் ஒரே வாசம்: பழுத்த வாழைப்பழம். நமக்கு வாழைப்பழ வாசம் இனியதுதான். ஆனால் அதைத் தரும் ஐசோஅமைல் அசிடேட் சில ஈஸ்ட் வகைகளும் தாழ்ந்த வெப்பமும் சேர்ந்தால் எந்த ஊர்ச் சாற்றிலும் வரக்கூடியது. மொர்கோன் குன்றையும் ஃப்ளூரிச் சரிவையும் அது மூடிவிட்டது.

அதற்கான விலையை உழவர்கள் கொடுத்தார்கள். 2001 விளைச்சலில் சுமார் 1 கோடி லிட்டர் விற்காமல் தேங்கி, எரிசாராயம் காய்ச்சவும் அழிக்கவும் போனது. திராட்சைப் பரப்பு சுருங்கியது. கொடிகளைப் பிடுங்கிய குடும்பங்கள் பல. க்ரு ஊர்களில் தலைமுறையாகக் கவனமாக வேலை செய்தவர்களும் அந்த மலிவுப் பெயரின் கீழ் நசுங்கினார்கள். அதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

மீட்சிக்கான விதை முன்பே விழுந்திருந்தது. லா ஷப்பெல்-த-கான்ஷே ஊரில் ஜூல் ஷொவே என்ற ஒயின் வணிகர் இருந்தார்; வேதியியல் கற்றவர், மோப்பத்தில் அபாரமானவர், 1907இல் பிறந்து 1989இல் மறைந்தவர். பழத்தோலில் இயல்பாகவே இருக்கும் ஈஸ்ட் போதும், கந்தகம் வேண்டாம், ஆனால் பழம் அழுகலின்றி இருக்க வேண்டும், தொட்டி குளிர்ச்சியாக இருக்க வேண்டும், நுண்ணோக்கியில் தினமும் பார்க்க வேண்டும் என்றார். இன்று ‘இயற்கை ஒயின்’ என்று பேசும் பலர் அவருடைய முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு நுண்ணோக்கியை மறந்துவிடுகிறார்கள். வில்லியே-மொர்கோனின் மார்சல் லப்பியேர் முழுதாக எடுத்துக்கொண்டார். அவரும் ஜான் ஃபொயார், கீ பிரெத்தோன், ஜான்-போல் தெவெனே ஆகியோரும் 1980களிலிருந்து பழைய கொடி, களைக்கொல்லி இல்லாத உழவு, முற்றிய பழம், மெதுவான நொதித்தல் என்று நின்றார்கள். தொட்டியும் முழுக்குலைதான், முறையை அவர்கள் கைவிடவில்லை. அவசரத்தைத்தான் கைவிட்டார்கள். நுவோவுக்கு நாலைந்து நாள் ஊறல் என்றால் இவர்களுடையது இரண்டு, மூன்று வாரம் போகும். விளைவு, மண்ணும் திராட்சையும் மீண்டும் கோப்பையில் தெரிந்தன. தொட்டிக்கும் மண்ணுக்கும் பகை என்ற வாதம் இவர்கள் கையில் பொய்த்துப்போனது.

சரி, இவ்வளவும் எதற்காக? இந்த ஒயினின் மூன்று பக்கத்திலும் என்ன இருக்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள். கிழக்கே சோன் ஆற்றைக் கடந்தால் பிரெஸ். 1957 முதல் சட்டப் பாதுகாப்புப் பெற்ற வெள்ளைக் கோழிகளின் ஊர். மேற்கே ஷரொலே, வெண்ணிற மாடுகளின் மேய்ச்சல் நிலம். தெற்கே லியோன், பன்றியின் எந்த உறுப்பையும் வீணாக்காத சமையல்காரர்களின் நகரம். ரோன், சோன் என்ற இரண்டு ஆறுகளோடு பொஜொலேயையும் மூன்றாவது ஆறாகச் சேர்த்து எண்ணுவது லியோன்காரர்களின் வழக்கம். இவர்களின் பசியை வைத்துப் பார்த்தால்தான் துவர்ப்பு குறைந்ததன் பொருள் விளங்கும்.

லியோனில் க்ருவா-ரூஸ் மேட்டின் பட்டு நெசவாளர்கள் விடியுமுன் தறியில் உட்கார்ந்து, காலை ஒன்பது மணிவாக்கில் ஒரு வலுவான சாப்பாடு சாப்பிடுவார்கள். மஷோன் என்று அதற்குப் பெயர்; இன்றும் சில பூஷோன் உணவகங்களில் நடக்கிறது. அப்படி ஒன்றில் ஒரு குளிர்காலக் காலையில் நான் உட்கார்ந்தேன். பெயர்ச்சீட்டு இல்லாத, அடித்தட்டு விரற்கடைக்கு மேல் தடித்த சீசா வந்தது. 46 செண்டிலிட்டர் கொள்ளும் அந்தச் சீசாவை ‘போ’ என்கிறார்கள். வெளியே பனித்துளி பூத்திருந்தது. பலகையில் ரொசெத் என்ற உலர்ந்த பன்றித் தொத்திறைச்சி. மெல்லிய வில்லைகளில் கொழுப்பு சிறு வெள்ளைப் புள்ளிகளாக. பிறகு வேகவைத்த தொத்திறைச்சியும் உருளைக்கிழங்கும். கடைசியில் பூண்டுத்தண்டும் வினிகரும் வெங்காயமும் அடித்த தயிர்ப் பாலாடை. ‘நெசவாளியின் மூளை’ என்று அதற்குப் பெயர். இறைச்சிக் கொழுப்பு அண்ணத்தில் படிந்திருக்கும்போது ஒரு மிடறு. புளிப்பு அந்தப் படலத்தை வழித்துக்கொண்டு போனது. நாக்கு அடுத்த வில்லைக்குத் தயாரானது. நம் ஊரில் எண்ணெய் மிதக்கும் குழம்புக்குப் பிறகு ரசம் செய்யும் வேலை இது. கடுந்துவர்ப்புள்ள ஒயினாக இருந்தால் அந்த உப்பும் வினிகரும் பட்டுக் கசந்திருக்கும்.

இதிலிருந்து கணக்குப் போட்டால் எதற்கு எது என்பது தானே வரும். நுவோவும் எளிய பொஜொலேயும் தொத்திறைச்சி, பன்றித் தொடை, அவித்த பயறு சாலட், வறுத்த கோழி ஆகியவற்றுக்கு. சான் மார்சலான் பாலாடைக்கட்டி சிறிய வட்டு, பழுத்ததும் உருகி ஓடும், அதற்குப் புரூயி. காளானும் பாலாடையும் சேர்த்துச் சமைத்த பிரெஸ் கோழிக்கு ஃப்ளூரியைவிடப் பொருத்தமான சிவப்பை நான் அறியேன். கெட்டியான போர்தோ அந்த மென்மையை மிதித்துவிடும். ஒயினில் ஊறிய சேவற்கறிக்கு ஜூலியெனாவோ மொர்கோனோ. ஷரொலே மாட்டிறைச்சிக்கும் வேட்டை இறைச்சிக்கும் வயதேறிய மூலான்-ஆ-வான். மீனுக்கு மட்டும் எச்சரிக்கை வேண்டும். சிவப்பு ஒயினோடு மீன் கவிச்சியடிப்பதற்கு ஒயினில் உள்ள இரும்பு ஒரு முக்கியக் காரணம் என்று 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். லியோனின் புகழ்பெற்ற மீன் கொழுக்கட்டையான கெனெலுக்கு மக்கோன் வெள்ளை ஒயினே போதும்.

ஊற்றும் சூடும் முக்கியம். எளிய பொஜொலேக்கு 12, 13 டிகிரி. க்ருக்களுக்கு 14 முதல் 16 வரை. நம் ஊர் அறை வெப்பத்தில் ஊற்றினால் சாராய நெடி முன்னே வந்து பழவாசம் ஓடிவிடும். குளிர்பெட்டியில் முக்கால் மணி நேரம் வைத்து எடுத்தால் நல்லது. துவர்ப்பு மிகுந்த ஒயினை இப்படிக் குளிர்வித்தால் வாய் இன்னும் இறுகும். பொஜொலே தாங்கும், ஏனென்றால் இறுக்க அதனிடம் அவ்வளவு இல்லை.

வெப்பம் கூடிவரும் ஆண்டுகள் இந்தச் சமநிலையைத்தான் அசைக்கின்றன. 2003 கோடையில் ஆகஸ்டிலேயே அறுவடை நடந்தது. முன்பு 12, 12.5 சதவீதத்தில் நின்ற சாராயம் நல்ல வெயில் ஆண்டுகளில் 14ஐத் தொடுகிறது. தோல் தடித்துத் துவர்ப்பும் ஏறுகிறது. சிலர் இதை வரவேற்கிறார்கள். போர்தோவின் பக்கத்தில் உட்கார வாய்ப்புக் கிடைத்தது என்று. ஃப்ளூரிக்காரர்கள் சில சரிவுகளுக்குப் பர்கண்டி பாணியில் முதல்தர அந்தஸ்து கேட்டு விண்ணப்பித்திருக்கிறார்கள். அது நியாயமான கோரிக்கை. ஆனால் கனத்தை மட்டும் தகுதியாகக் கொண்டால் கோமகனின் அளவுகோலையே திரும்ப எடுத்ததாகிவிடும். உயரமான, குளிர்ந்த சரிவுகளைத் தேடிப் போகும் இளைஞர்கள் மேல்தான் என் நம்பிக்கை.

பாரிஸில் உணவகச் சமையற்கட்டுகளில் வேலை செய்யும் ஈழத்தமிழர் நிறையப் பேர். அவர்களில் ஒருவர் வீட்டில் ஒரு ஞாயிறு இரவு சாப்பிட்டேன். யாழ்ப்பாணத்துக் கறித்தூள் போட்ட ஆட்டிறைச்சிக் கறி, புட்டு. விருந்தாளி ஒருவர் விலையுயர்ந்த போர்தோ கொண்டுவந்திருந்தார். முதலில் அதைத்தான் திறந்தோம். இரண்டாவது வாயில் நாக்கு பற்றிக்கொண்டது. துவர்ப்பும் சாராயமும் மிளகாயின் எரிவைத் தூக்கிவிட்டன. வீட்டுக்காரர் எழுந்துபோய்க் குளிர்பெட்டியிலிருந்து ஒரு ஃப்ளூரியை எடுத்து வந்தார். “அண்ணை, இதைக் குடிச்சுப் பாருங்கோ. உறைப்போட சண்டைக்கு நிக்காது. நாங்கள் வேலை முடிஞ்சு கறி சாப்பிடேக்கை இதுதான்,” என்றார். கறியின் காரம் குறையவில்லை. ஆனால் கூடவும் இல்லை. பெருஞ்சீரகத்துக்கும் வறுத்த மிளகாய்க்கும் நடுவே அந்தச் செம்பழ வாசம் தனியாகத் தெரிந்தது. ஃப்ளூரி அரைமணியில் தீர்ந்தது. போர்தோவின் மீதியை அவர் தக்கையை அழுத்தி மூடி வைத்தார். மறுநாள் பிள்ளைகளுக்கு மாட்டிறைச்சி சமைக்கும்போது சட்டியில் ஊற்றலாம் என்று.